மெயினை அணைத்துவிட்டுக் குளிக்கப் போனோம்

போன வாரம் நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற கம்பெனியில் இப்போது என் நாற்காலியில் இருப்பவள். நாற்காலி என்பது பேச்சுக்குத்தான். வீட்டுக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறாள்.

"மேடம், நம்ம இன்ஸ்டாலர்ல ஒரு ஃபங்ஷன் கிடக்கு. மெஷின்ல எந்த இனிட் ஓடுதுன்னு கண்டுபிடிக்கது. இப்பதான் எல்லா மெஷின்லயும் சிஸ்டம்டி இருக்கே, அத எடுத்துரட்டுமா?" என்றாள்.

"எடுத்தேன்னா கையை ஒடிச்சிருவேன்" என்றேன்.

சிரித்தாள். "அதுல அப்படி என்ன மேடம் இருக்கு?"

"காடைக்குஞ்சு இருக்கு" என்றேன். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால் எழுதுகிறேன். நிவேதா மட்டுமல்ல, கணினியோடு சம்பந்தமே இல்லாதவர்களும் படிக்கட்டும்.

இன்ஸ்டாலர் என்பது எங்கள் நிரலைக் கணினியில் நிறுவிக் கொடுக்கும் நிரல், ஃபங்ஷன் அதில் ஒரு சின்னத் துண்டு. இனிட்டும் பெரிய மந்திரம் இல்லை. லினக்ஸ் கணினியை இயக்கியதும் அதன் அடித்தள நிரலான கர்னல் முதலில் ஒரே ஒரு நிரலைத்தான் எழுப்பும். அதுதான் இனிட், அதற்கு எண் ஒன்று. அது எழுந்து மற்ற எல்லாரையும் எழுப்பும். நாம் எழுதிய நிரலும் தானாக எழ வேண்டுமென்றால் அதனிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் அந்த ஒன்றாம் எண் வேலைக்கு ஒரே ஒரு ஆள் என்று இல்லை. பழைய சிஸ்வி இருக்கிறார், நடுவில் வந்து போன அப்ஸ்டார்ட் இருக்கிறார், ஓப்பன்ஆர்சி இருக்கிறார், இப்போது எங்கும் கொடி நாட்டியிருக்கும் சிஸ்டம்டி இருக்கிறார். ஒவ்வொருவரிடமும் சொல்லும் முறை வேறு. ஒருவரிடம் சொல்ல வேண்டியதை வேலையில் இல்லாத இன்னொருவரிடம் சொன்னால் அவர் நன்றாகத் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். ஆனால் எழுப்ப மாட்டார்.

நான் இந்த வேலைக்கென்று பிறந்தவள் இல்லை. தட்டச்சில் ஹையர் பாஸ் செய்து, ஆலங்குளத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டேட்டா என்ட்ரிக்குச் சேர்ந்து, அங்கே சும்மா கிடந்த புத்தகங்களைப் படித்து, தபால் வழியில் ஒரு பட்டமும் வாங்கினேன். தென்காசியில் சாகுல் பாயின் கம்பெனிக்கு வந்தபோது நரை எட்டிப் பார்த்திருந்தது.

கம்பெனி ஒரு எலக்ட்ரிகல் கடையின் மாடியில் இருந்தது. புளியங்குடி எலுமிச்சைக் கிடங்கின் குளிர், கடையநல்லூரில் நூலுக்குச் சாயம் காய்ச்சும் தொட்டியின் சூடு, குற்றாலம் லாட்ஜுகளின் வெந்நீர் என்று எதையெல்லாம் ஒரு கணினி கவனித்துக்கொள்ள முடியுமோ அதையெல்லாம் செய்து கொடுப்போம். புதுக் கணினி வாங்க யாருக்கும் மனசு வராது. "வீட்ல ஒண்ணு கெடக்கு, அதுலயே போட்டுக் குடுங்க" என்பார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் கிடந்தது ஒவ்வொரு மாதிரி. அதனால்தான் அந்த ஃபங்ஷன் எங்களுக்குத் தேவைப்பட்டது.

சாகுல் பாய் கடையநல்லூர்க்காரர். வளைகுடாவில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையின் கண்ட்ரோல் ரூமில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். என்னைவிட வயதில் சின்னவர், எனக்கு மேலதிகாரி. வாடிக்கையாளர் முன்னால் அவரை சார் என்பேன், மற்ற நேரத்தில் பாய், கோபம் வந்தால் தம்பி. நான் "தம்பி" என்று ஆரம்பித்தால் ஆபீசில் மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். அவருக்கு நான் எப்போதும் அக்காதான். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்பு நடந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு பெரிய தப்பு. துடைத்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "அக்கா, இருக்குன்னு சொல்லுதீங்களா, ஓடுதுன்னு சொல்லுதீங்களா?"

அவர் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. ஒரு எந்திரத்தை நிறுவி முடித்தால் வேலை முடிந்ததாக அர்த்தமில்லை. கட்டிடத்தின் மெயினை அணைக்க வேண்டும். கணினியை மரியாதையாக மூடிவிட்டு அணைப்பது கூடாது. மின்வாரியம் நம்மிடம் கேட்டுக்கொண்டா கரண்டை எடுக்கிறது? படக்கென்று அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் போட வேண்டும். போட்ட கையோடு எல்லாரும் அந்த இடத்தைவிட்டு வெளியேற வேண்டும். பக்கத்தில் நின்றால் கை சும்மா இருக்காது, ஏதாவது ஒரு பொத்தானை அமுக்கி உதவி செய்துவிடும். அப்புறம் எந்திரம் தானாக எழுந்ததா நாம் எழுப்பினோமா என்று யாருக்குத் தெரியும்?

எங்கே போவது? சீசன் காலத்தில் அருவிக்கு. அருவி வறண்ட மாதங்களில் தென்காசிக் கோயில் வாசலுக்கு. அங்கே அடிக்கிற காற்றுக்குக் காசா பணமா. பாய் எதிரே டீக்கடை பெஞ்சில் இருந்தபடி அதே காற்றை வாங்குவார். திரும்பி வரும்போது எந்திரம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தால்தான் வேலை முடிந்தது. இதனால் எங்கள் கருவிப்பையில் ஸ்க்ரூ டிரைவர், பென் டிரைவ் இவற்றோடு ஒரு துண்டும் இருக்கும். புதிதாகச் சேர்பவர்கள் துண்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். போகப் போகத் தெரியும் என்பேன்.

இனி குத்தாலிங்கம் அண்ணாச்சி கதை. இலஞ்சியில் காடைப்பண்ணை வைத்திருந்தார். பட்டாளத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். சீசன் வந்தால் குற்றாலத்து ஓட்டல்களில் பரோட்டாவுக்குக் காடை வறுவல் கேட்காத ஆள் இல்லை. அதை நம்பி முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். ஒரு தடவை கரண்ட் போய், ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய பிறகும் இன்குபேட்டரின் கட்டுப்பாட்டுப் பெட்டி எழவில்லை. ஒரு ஈடு முட்டை முழுக்கக் கெட்டுப்போனது. அன்றிலிருந்து மனிதர் இன்குபேட்டர் பக்கத்தில் மடக்குக் கட்டில் போட்டுப் படுக்கிறார். கோயில், குளம், நல்லது கெட்டது எதற்கும் போவதில்லை. பட்டாளத்தை விட்டு வந்த பிறகும் சென்ட்ரி டூட்டி.

இரண்டு வருடம் கழித்து ஓர் ஆனி மாதம், ஒரு ஈடு பாதியில் இருக்கும்போது, அந்தப் பெட்டி முழுதாகவே செத்தது. எங்களுக்குப் போன் வந்தது. நானும் பாயும் போனபோது அண்ணாச்சி வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து ஹீட்டரைக் கையால் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார். மனைவி கோமதி முட்டைத் தட்டுகளை நேரம் தவறாமல் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் கண்களும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

"உள்ள ரூம்ல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. லினக்ஸ் நானே போட்டது. அதுலயே செஞ்சு குடுங்க" என்றார் அண்ணாச்சி.

செய்தோம். கரண்ட் வந்ததும் கணினி தானே இயங்கும்படி அதன் அடிப்படை அமைப்பான பயாஸில் சொல்லி வைத்தேன். ஹீட்டர், விசிறி, தட்டைச் சாய்க்கும் மோட்டார் எல்லாவற்றையும் கணினி போட்டு அணைக்கிற ரிலே ஸ்விட்சுகளில் இணைத்தார் பாய். இன்ஸ்டாலரை ஓட்டினேன். சிஸ்டம்டி என்று கண்டுபிடித்தேன், பதிவு செய்தேன், நிரலைத் தொடங்கினேன் என்று அது வரிசையாக எழுதிக் காட்டியது. ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணாச்சி முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு.

பாய் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அண்ணாச்சி, இனி மெயின அணைக்கணும்."

"எந்த மெயின?"

"உங்க மெயினத்தான். கரண்ட் போயிட்டு வந்தா இது தானா எந்திரிக்கான்னு பாக்கணும்லா."

"ஏ பாய், உள்ள கெடக்கது உயிரு வே! முடிஞ்சிட்டுன்னு உங்க மெஷினே எழுதிக் காட்டுது. பெறவென்ன? மெயின்ல கை வச்சியன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்."

பாய் நகரவில்லை. அண்ணாச்சியும் மெயின் ஸ்விட்சுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். இரண்டு பேரையும் பார்த்தால் எல்லைக் காவல் மாதிரி இருந்தது. தட்டைச் சாய்த்துக்கொண்டிருந்த கோமதி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அடகாக்குத கோழியே எர திங்க எந்திரிச்சுப் போவுது. அது போயிட்டு வாரதுக்குள்ள முட்ட செத்தா போவுது? கோழிக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலியே" என்றபடி கணவரை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, ஸ்டூலைப் போட்டு ஏறி மெயினை இறக்கினாள். விசிறிச் சத்தம் அடங்கியது. கொஞ்சம் பொறுத்துத் தூக்கிவிட்டாள். கணினி கீச்சென்று குரல் கொடுத்தது.

"அவ்வளவுதான். இங்கன யாரும் நிக்கக் கூடாது. துண்ட எடுங்க" என்றார் பாய்.

ஐந்தருவிக்கு ஆட்டோவில் போனோம். அண்ணாச்சியைப் பாய் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வந்தார். சாரல் அடித்தது, தண்ணீர் அளவாக விழுந்தது. பெண்கள் பக்கம் நானும் கோமதியும் தலையைக் கொடுத்து நின்றோம். தண்ணீர் இரைச்சலில் கத்திக் கத்திப் பேசினாள்.

"வசந்தாக்கா, இந்தா தெரியுத அருவி. இங்க வந்து குளிச்சு ரெண்டு வருசமாச்சு. வார வெள்ளிக்கெழம புளியங்குடியில எந்தம்பி மக கல்யாணம். மூத்தவ கல்யாணத்துக்கு நான் ஒத்தையில போயி நின்னேன். மாமா வரலியா, மாமா வரலியான்னு கேக்காத ஆளு இல்ல. இந்தத் தடவயும் அவுக வரலன்னா எந்தம்பி மூஞ்சியில முழிக்க முடியாது. முட்ட பொரியுததும் அன்னைக்குத்தான். எனக்கு முட்டையும் வேணும், மனுசனும் வேணும்க்கா."

சொல்லிவிட்டு மறுபடி தண்ணீருக்குள் தலையை விட்டுக்கொண்டாள். அதுவரை நான் முட்டைக்காக வேலை பார்ப்பதாக நினைத்திருந்தேன்.

திரும்பி வந்து கதவைத் திறந்தால் சிவப்பு விளக்கு எரியவில்லை. கணினி விழித்துத்தான் இருந்தது. திரையில் பெயரைக் கேட்டு ஒரு கட்டம் மின்னிக்கொண்டிருந்தது. ஆனால் எங்கள் நிரல் ஓடவில்லை. ஹீட்டர் குளிர்ந்து கிடந்தது.

அண்ணாச்சி போட்ட சத்தத்தில் பக்கத்துக் கூண்டுக் காடைகளெல்லாம் படபடத்தன. நான் ஓடிப்போய் நிரலைக் கையால் தொடங்கினேன். விளக்கு எரிந்தது, வெப்பமானி மெல்ல ஏறியது. பாய் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டார். "அக்கா, சிஸ்டம்டி இருக்குன்னு சொல்லுச்சா, ஓடுதுன்னு சொல்லுச்சா?"

இன்ஸ்டாலரைத் திறந்து பார்த்தேன். எனக்கு முன்பிருந்த ஒருவர் எழுதி வைத்துவிட்டு பெங்களூர் போயிருந்தார். சிஸ்டம்டியின் கருவி கணினியில் எங்காவது இருக்கிறதா என்று அது பார்க்கிறது. இருந்தால் சிஸ்டம்டிதான் என்று முடிவு கட்டிவிடுகிறது. பெரும்பாலான கணினிகளில் இருப்பதும் ஓடுவதும் ஒன்றாகவே இருந்ததால் அதுவரை யாருக்கும் தெரியவில்லை.

நேராக ஒன்றாம் எண்ணையே பெயர் கேட்டேன். /proc/1/comm என்ற கோப்பில் அது தன் பெயரைச் சொல்லும். சிஸ்டம்டி என்றால் சிஸ்டம்டி என்றே சொல்லிக்கொள்ளும். இங்கே வந்த பதில் வெறும் இனிட். தாசில்தார் பெயர் என்ன என்று கேட்டால் தாசில்தார் என்று பதில் வருவது போல. சிஸ்டம்டி இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

"அண்ணாச்சி, இந்த மெஷின்ல ஏதாவது மாத்துனியளா?"

அவர் கோபத்திலும் நெஞ்சை நிமிர்த்தினார். "பின்ன? வாங்கும்போது இருந்தது சிஸ்டம்டி. எனக்கு அது சரிப்படல. பழைய சிஸ்வியத்தான் டூட்டியில போட்டிருக்கேன்."

"அப்போ சிஸ்டம்டிய எடுத்திருக்கலாம்லா?"

"அது எதுக்கு எடுக்கணும்? ஒண்ணு போனா ஒண்ணு வேண்டாமா? ஸ்டெப்னி இல்லாம வண்டி எடுப்பியளா மேடம்?"

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். இன்ஸ்டாலர் போய்ச் சொல்லி வைத்தது ஸ்டெப்னியிடம். சிஸ்டம்டியின் கருவி வேலையில் இல்லாதபோதும் பதிவை வாங்கி வைத்துக்கொள்ளும், அடுத்து நான் எழும்போது பார்த்துக்கொள்கிறேன் என்று. இன்ஸ்டாலரும் நிரலை நேரடியாகத் தொடங்கிவிட்டு, எல்லாம் முடிந்தது என்று எழுதிக் காட்டிவிட்டது.

அங்கேயே உட்கார்ந்து ஃபங்ஷனைத் திருத்தி எழுதினேன். எது நிறுவப்பட்டிருக்கிறது என்று பார்க்காதே. இந்தத் தடவை எழுப்பியது யார் என்று தடம் பார். தடம் இருக்கும் இடம் /run. கணினி அணைந்தால் அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், ஒவ்வொரு தடவையும் புதிதாக உண்டாகும். சிஸ்டம்டி ஒன்றாம் எண்ணாக எழுந்திருந்தால் மட்டுமே அங்கே /run/systemd/system என்ற அடைவு, அதாவது கோப்புகளை அடுக்கி வைக்கும் உறை, இருக்கும். வெறும் systemd அடைவு மட்டும் இருந்தால் போதாது, வேறு சில நிரல்களும் அந்தப் பெயரில் அங்கே இடம் பிடிப்பதுண்டு. ஆபீசில் பிற்பாடு இதை விளக்கும்போது, இன்று அருவிக்குப் போனவர் யார் என்று அறிய அலமாரியில் எத்தனை துண்டு இருக்கிறது என்று பார்க்காதீர்கள், கொடியில் எது ஈரமாக இருக்கிறது என்று பாருங்கள் என்பேன்.

அடைவு இல்லை, பெயர் இனிட், சிஸ்வியின் inittab கோப்பு இருக்கிறது. அப்ஸ்டார்ட்டும் ஓப்பன்ஆர்சியும் இல்லை என்று தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். பழைய சிஸ்விக்குச் சொல்ல வேண்டியது ஒரே வரி. இந்த நிரலை எழுப்பு, விழுந்தால் மறுபடி எழுப்பு. எழுதிச் சேமித்தேன்.

பாய் என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னார். "அக்கா, இன்னொரு தடவ குளிக்கணும்."

யார் இதை அண்ணாச்சியிடம் சொல்வது? அவர் மடக்குக் கட்டிலில் உட்கார்ந்து இன்குபேட்டரின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கோமதி எதிரே வந்து அவரையே பார்த்தபடி நின்றாள். அந்தப் பார்வையை அவரால் ரொம்ப நேரம் தாங்க முடியவில்லை. எழுந்தார்.

"மொத குறி தப்பிட்டுன்னா துப்பாக்கியக் கீழ போட்டுட்டு வந்துருவமா?" என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு, இந்தத் தடவை அவரே போய் மெயினை இறக்கினார். ஏற்றினார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வெளியே நடந்தார்.

ஐந்தருவி வரை போகப் பொறுமை இல்லை. பேரருவியில் அவசரக் குளியல். அண்ணாச்சி தண்ணீருக்குள் போன வேகத்தில் வெளியே வந்தார் என்று பாய் சொன்னார். தலையைத் துவட்டக்கூட இல்லை. இலஞ்சிக்குத் திரும்பியதும் ஜன்னலிலேயே தெரிந்தது, உள்ளே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி கண்ணாடிக் கதவில் உள்ளங்கையை வைத்துச் சூட்டைப் பார்த்தார். "எந்திரிச்சிட்டே, ஏ கோமதி, தானாவே எந்திரிச்சிட்டே" என்றார். முகத்தில் வழிந்தது அருவித் தண்ணீர் மட்டும் இல்லை. எனக்கு அன்று பிடித்த சளி ஒரு வாரம் விடவில்லை.

வெள்ளிக்கிழமை. குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வேலை. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். சீசன் காற்று பேயாக அடித்தது. இலஞ்சி தாண்டுவதற்குள் பஸ் நின்றுவிட்டது. முன்னால் மரம் ஒன்று மின்கம்பியோடு சாய்ந்து கிடந்தது. காலையிலிருந்தே இந்தப் பக்கம் கரண்ட் இல்லை என்றார்கள். புளியங்குடிக் கல்யாணத்தில் இருக்கும் அண்ணாச்சிக்குப் போன் செய்தால் தாலி கட்டும் நேரத்தில் எழுந்து ஓடி வருவார். பாய்க்குப் போட்டேன்.

"பாய், இலஞ்சியில கரண்ட் இல்ல. பக்கத்துலதான் நிக்கேன். பண்ணைக்குப் போயி எட்டிப் பாத்துட்டு வரட்டா?"

அந்தப் பக்கம் கண்ணாடி துடைபடுகிறது என்று புரிந்தது.

"ஜெனரேட்டர் தானா ஓடும்லா. நீங்க போயிப் பாத்தியன்னா அது வேலையில்ல அக்கா, காவல். அங்க காவல் வேண்டாம்னுதான ரெண்டு தடவ குளிச்சோம்?"

"தம்பி..." என்று ஆரம்பித்தேன். அப்புறம் வாயை மூடிக்கொண்டேன். அவர் சொன்னது சரி. மரத்தை வெட்டி அகற்றியதும் பஸ்ஸிலேயே லாட்ஜுக்குப் போனேன். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் போன் அடித்தது. எடுத்ததும் முதலில் கேட்டது குரல் இல்லை, கீச் கீச்சென்று ஒரு கூட்டமே கத்தும் சத்தம். அதற்கு மேலே அண்ணாச்சி கத்தினார்.

"மேடம், பொரிச்சிட்டு! இப்பதான் புளியங்குடியில இருந்து வந்து கதவத் தொறக்கேன், தட்டு நெறையக் குஞ்சு! நல்ல நேரம் பாத்தியளா, கரண்டே போகல. உங்க மெஷினுக்கு இன்னைக்கு வேலையே இல்ல!"

"அப்படியா அண்ணாச்சி, ரொம்ப சந்தோசம்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னேன். போன் கை மாறியது. செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், பிறகு கொல்லைப்புறத்திலிருந்து கோமதியின் தணிந்த குரல்.

"வசந்தாக்கா, ஜெனரேட்டர் தொட்டியில குச்சிய விட்டுப் பாத்தேன். டீசல் பாதிக்கு எறங்கிக் கெடக்கு. நேரங்கெட்ட நேரம் கரண்ட் போயிருக்கு போல. அவுகளுக்குத் தெரியாண்டாம், சொல்லிராதீங்க. ஆவணியில இன்னொரு கல்யாணம் இருக்கு."

நான் சொல்லவில்லை. ஆவணிக் கல்யாணத்தில் அண்ணாச்சி பந்தியில் சாவகாசமாக உட்கார்ந்து, இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தாராம்.